மரக்கம்பமும் வாற்கோதுமையும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ரோமானியப் படை முகாம்களைப் பற்றி எழுதும்போது, "இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போனவர் வெகேடியஸ் என்ற அரசு அதிகாரி" என்று ஒரே வரியில் கடந்து போயிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். எனக்கு ரொம்ப சந்தோஷம். ராணுவத்தில் பயிற்சியாளராக இருந்த காலம் முழுக்க என் இரும்புப் பெட்டியில் கிடந்த புத்தகம் அவருடையது. ஆகவே இந்த மாதப் பக்கங்கள் அவருக்கே.

கேள்வி: வெகேடியஸ் எந்தெந்தப் போர்களில் ஜெயித்தார்? எந்தக் காலத்தவர்? (பள்ளி ஆசிரியை ஒருவர்)

பதில்: ஒரு போரிலும் இல்லை அம்மா. அவர் படை நடத்தினார் என்று சொல்ல எந்தச் சான்றும் கிடையாது. பப்ளியஸ் ஃப்ளேவியஸ் வெகேடியஸ் ரெனேடஸ் என்பது முழுப்பெயர். பழைய கையெழுத்துப் படிகள் அவருக்கு 'கோமெஸ்' என்ற பட்டத்தைக் கொடுக்கின்றன. பேரரசரின் அரசாங்கத்தில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர்களுக்குக் கிடைத்த பட்டம் அது. கிறிஸ்தவர். படைவீரர் எடுக்க வேண்டிய உறுதிமொழியைச் சொல்லும்போது கடவுள், கிறிஸ்து, பரிசுத்த ஆவி, அதன்பின் பேரரசரின் மாட்சிமை என்று வரிசைப்படுத்துகிறார்.

காலத்தைக் கணிக்க இரண்டு முளைகள் இருக்கின்றன. 383-இல் கொல்லப்பட்ட பேரரசர் கிராஷியனை அவர் காலமானவராகக் குறிப்பிடுகிறார். ஆகவே அதற்குப் பிறகுதான் எழுதியிருக்க வேண்டும். இன்னொரு பக்கம், யூட்ரோப்பியஸ் என்பவர் கான்ஸ்டான்டினோபிளில் உட்கார்ந்து, ஒப்பிட்டுப் பார்க்க வேறு படி கையில் இல்லாமலேயே இந்த நூலைத் திருத்தி முடித்ததாக ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். அந்த ஆண்டின் கான்சல்கள் (ஆண்டுதோறும் பதவியேற்ற ரோமின் உயர் அதிகாரிகள்) பெயரையும் சேர்த்தே எழுதியதால் அது 450 என்று தெரிகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நூல் பிறந்தது. எந்தப் பேரரசருக்கு எழுதினார்? பெயரைச் சொல்லாமல் "வெல்லற்கரிய பேரரசரே" என்கிற மாதிரியே பேசிக்கொண்டு போகிறார். முதலாம் தியோடோசியஸ் என்பார் பலர், மூன்றாம் வாலண்டினியன் என்பார் சிலர். நான் முதல் கட்சி. 378-இன் காயம் இன்னும் ஆறாதவர் எழுதிய நூலாகவே எனக்கு அது படுகிறது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று அட்ரியானோபிளில் கோத்தியர்கள் கிழக்கு ரோமானியப் படையை அழித்தார்கள். பேரரசர் வேலன்ஸும் மாண்டார். மூன்றில் ஒரு பங்கு வீரர்கள்தான் தப்பினார்கள் என்று அக்கால வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செல்லினஸ் எழுதுகிறார். இவ்வளவு பெரிய அடிக்குப் பிறகு, 'முன்பு நம்மவர்கள் எப்படித்தான் ஜெயித்தார்கள்' என்று ஓர் அதிகாரி பழைய நூல்களைத் தேடித் தேடிப் படிக்கிறார். கேட்டோ, செல்சஸ், ஃப்ரோண்டினஸ், பாட்டர்னஸ், அதோடு அகஸ்டஸ், டிராஜன், ஹேட்ரியன் ஆகியோர் போட்ட ராணுவ விதிகள். எனக்கென்று எந்த அதிகாரமும் கோரவில்லை, சிதறிக் கிடப்பதை ஒழுங்குபடுத்திச் சுருக்கித் தருகிறேன் என்று அவரே சொல்கிறார். முதல் நூலைத் தானாகவே எழுதிக் கொடுத்தார். அரசர் மேலும் எழுதச் சொன்னதால் இன்னும் மூன்று சேர்ந்து நான்காயின.

கேள்வி: ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். ரோமானிய வீரனை எப்படிப் பழக்கினார்கள் என்று வெகேடியஸ் சொல்கிறாரா? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, முதல் நூல் முழுக்க அதுதான். அவருடைய நூல்களில் எனக்கு மிகப் பிடித்ததும் அதுவே.

முதலில் நடை. படை நடையில் கோடைக்கால 5 மணி நேரத்துக்குள் 20 மைல் நடக்க வேண்டும். வேக நடை என்றால் அதே நேரத்தில் 24 மைல். ரோமானிய மைல் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். அவர்கள் பகல் பொழுதை எப்போதும் 12 மணியாகப் பிரித்ததால், கோடையில் ஒரு மணி என்பது நம் மணியைவிட நீளம். ஆக, சுமார் 30 கிலோமீட்டரை நம் கணக்கில் 6 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே எடுத்து முடிக்க வேண்டும். சுமை தனி. 60 ராத்தல் வரை தூக்கிக்கொண்டு படை நடையில் போகப் பழக வேண்டும் என்கிறார், கிட்டத்தட்ட 20 கிலோ. இந்த இடத்தில் அவர் கொடுக்கும் காரணத்தைக் கவனியுங்கள். வரிசை கலைந்து சிதறி நடக்கும் படைக்கு எதிரியால் எப்போதும் பேராபத்து. அதனால்தான் எல்லோரும் ஒரே வேகத்தில் நடக்கப் பழக வேண்டும். புதிதாக வரும் ரெக்ரூட்டுகள் முதல் நீண்ட மார்ச்சின்போது, தெம்பு இருக்கிறவன் முன்னால் ஓடுவான், இல்லாதவன் பின்தங்குவான். நடுவில் விழும் இடைவெளியை மூடுவதற்கே முதல் வாரங்கள் போய்விடும். இது எந்தப் படைக்கும் பொருந்தும்.

அடுத்து மரக்கம்பம். ஒவ்வொரு ரெக்ரூட்டும் தனக்கென்று ஒரு கம்பம் நட்டுக்கொள்ள வேண்டும். ஆடாமல் அசையாமல், தரைக்கு மேல் ஆறடி. கையில் பிரம்பால் பின்னிய கேடயம், வழக்கமான கேடயத்தைப் போல இரண்டு மடங்கு கனம். வாளுக்குப் பதில் மரக்கட்டை, அதுவும் இரட்டைக் கனம். அந்தக் கம்பமே எதிரி. ஒரு முறை தலைக்கும் முகத்துக்கும் குறி, ஒரு முறை விலா, அடுத்து முழங்காலின் பின்புறம். முன்னேறு, பின்வாங்கு, பாய், விலகு. எதிரியைக் குத்தப் போகும் வேகத்தில் உன் உடம்பைத் திறந்து காட்டாதே. இதைக் காலையில் மட்டுமல்ல, பிற்பகலிலும் செய்ய வேண்டும்.

வெட்டாதே, குத்து என்பது அவருடைய அடுத்த பாடம். வெட்டு எவ்வளவு வேகமாக விழுந்தாலும் கவசமும் எலும்பும் தடுத்துவிடும், அபூர்வமாகத்தான் ஆள் சாவான். குத்து இரண்டு அங்குலம் உள்ளே போனால் உயிர் போகும். அதோடு, வெட்டுவதற்குக் கையை ஓங்கும்போது வலது கையும் விலாவும் வெட்டவெளியில் நிற்கின்றன. குத்தும்போது கேடயத்தின் மறைப்பிலேயே இருக்கலாம்.

நீச்சலையும் விடவில்லை. ரோமில் படைப்பயிற்சித் திடலை டைபர் ஆற்றங்கரையில் வைத்ததே இதற்காகத்தான் என்கிறார். பயிற்சி முடிந்து வேர்வையும் புழுதியுமாக நேரே ஆற்றில் இறங்கி நீந்த வேண்டும். காலாட்படை மட்டுமல்ல, குதிரைப்படை, குதிரைகள், முகாம் வேலையாட்கள் வரைக்கும் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். பாலம் எப்போதும் இருக்காது.

ஆயுதப் பயிற்சியில் தேறாதவனுக்கு அடி உதை எதையும் இந்த இடத்தில் அவர் சொல்லவில்லை. ரேஷன் மாறும். கோதுமைக்குப் பதில் வாற்கோதுமை (பார்லி). மேலதிகாரிகள் முன்னிலையில் எல்லாம் செய்து காட்டித் தேறும் வரை அவனுக்குக் கோதுமை கிடையாது. கூடச் சேர்ந்தவன் கோதுமை வாங்கிக்கொண்டு போகும்போது தான் மட்டும் வாற்கோதுமைக்கு நிற்கும் இருபது வயதுப் பையனின் முகத்தை நினைத்துப் பாருங்கள். அவன் அடுத்த நாள் கம்பத்தின் முன்னால் எப்படி நிற்பான் என்பது எனக்குத் தெரியும்.

உங்களுக்காக ஒரு வரி, தம்பி. மூன்றாம் நூலின் கடைசியில் அவர் எழுதியது: இயற்கை வீரர்களாகப் பிறப்பிப்பது சிலரைத்தான், நல்ல பயிற்சியும் உழைப்பும் பலரை வீரர்களாக்கும்.

கேள்வி: யார் படைக்கு லாயக்கு, யார் லாயக்கில்லை என்று தொழிலை வைத்தே பிரித்தாராமே?

பதில்: ஆமாம். மீனவர், பறவை பிடிப்பவர், தின்பண்டம் செய்பவர், நெசவாளர் வேண்டாம். கொல்லர், தச்சர், இறைச்சி வெட்டுபவர், மானும் காட்டுப்பன்றியும் வேட்டையாடுபவர் வேண்டும். நகரத்தாரைவிட வயலில் வேலை செய்தவர்களே மேல், வெயிலும் மண்வெட்டியும் பழகியவர்கள் என்பது அவர் வாதம்.

வயலைப் பற்றிச் சொன்னது சரி. தறியைப் பற்றிச் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மணிக்கணக்காக ஒரே இடத்தில் கண்ணும் கையும் காலும் ஒத்துழைக்க உட்கார்ந்த பழக்கம் துப்பாக்கிப் பயிற்சியில் என்ன செய்யும் என்று கண்ணாரக் கண்டவன் நான். உழைப்பு பலரை வீரராக்கும் என்று எழுதியவர், வாசலிலேயே சிலரைத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது. ஆனால் உயரத்தில் அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. பழைய காலத்தில் லீஜியன் என்ற பெரும்படையின் முதல் கோஹார்ட்டுக்கு (கோஹார்ட் என்பது லீஜியனின் உட்பிரிவு) 6 அடி, குறைந்தது 5 அடி 10 அங்குலம் கேட்டார்கள் என்று சொல்லிவிட்டு (ரோமானிய அடி நம் அடியைவிடக் கொஞ்சம் சிறியது, ஆக 5 அடி 10 என்பது ஏறக்குறைய 172 சென்டிமீட்டர்), இன்றைய நிலையில் உயரத்தைவிட உடல்வலுவைப் பாருங்கள் என்கிறார்.

கேள்வி: "அமைதி வேண்டுமானால் போருக்குத் தயாராகு" என்பது அவர் சொன்னதுதானா? ஆயுத வியாபாரிகளின் வாசகமாக அல்லவா இருக்கிறது?

பதில்: நல்ல கேள்வி. இப்போது எல்லோர் வாயிலும் இருக்கும் சுருக்கமான லத்தீன் வடிவம் (si vis pacem, para bellum) பிற்காலத்தில் திரண்டது. மூன்றாம் நூலின் முன்னுரையில் அவர் எழுதியிருப்பது ஒன்றையடுத்து ஒன்றாக வரும் மூன்று வாக்கியங்கள். அமைதியை விரும்புகிறவன் போருக்கு ஆயத்தமாகட்டும். வெற்றியை விரும்புகிறவன் வீரர்களைக் கவனமாகப் பயிற்றுவிக்கட்டும். நல்ல முடிவை விரும்புகிறவன் அதிர்ஷ்டத்தை நம்பாமல் கலையறிந்து போரிடட்டும். சண்டை வந்தால் ஜெயிக்கக்கூடியவன் என்று தெரிந்தவனை யாரும் சீண்டத் துணிவதில்லை என்று முடிக்கிறார்.

முதல் வாக்கியத்தை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு உலகம் போய்விட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய ஆயுத நிறுவனம் ஒன்று கொண்டுவந்த கைத்துப்பாக்கிக்கும் 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கும் 'பாராபெல்லம்' என்ற பெயரே இந்த வாசகத்திலிருந்து போய்ச் சேர்ந்தது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. மூன்றாம் நூலைத் திறந்து படித்தால் கண்ணில் படுவது ஆயுதக் குவியல் இல்லை, தண்ணீரும் தானியமும்தான். படையின் உடல்நலத்துக்கென்று ஒரு தனி அத்தியாயம் வைத்திருக்கிறார். சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் தங்காதே. கோடையில் கூடாரமில்லாமல் கிடக்காதே. வெயில் ஏறுவதற்குள் நடையை முடி. கெட்ட தண்ணீர் விஷத்துக்குச் சமம். இலையுதிர் காலத்தில் பெரிய கூட்டம் ஒரே இடத்தில் நெடுநாள் தங்கினால் தண்ணீர் கெட்டுக் காற்றும் கெட்டு நோய் பரவும், முகாமை மாற்றிக்கொண்டே இரு. மருத்துவரைவிட தினசரி உடற்பயிற்சி நல்லது என்று படை அனுபவசாலிகள் நினைத்தார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

அதற்கு அடுத்த அத்தியாயம் உணவு. சண்டையைவிடப் பஞ்சமே படையை அதிகம் அழிக்கிறது, இரும்பைவிடப் பசி கொடியது என்று எழுதுகிறார். தானியம், தீவனம், விறகு, உப்பு, புளித்த ஒயின் எல்லாவற்றையும் முன்கூட்டியே அரணுள்ள இடங்களில் சேர்த்துவை. கேட்டு வாங்கு, கிடைக்காவிட்டால் விலை கொடுத்து வாங்கு. நேருக்கு நேர் மோதுவது கடைசி வழி. எதிரியைப் பட்டினியாலும் திடீர்த் தாக்குதலாலும் அச்சத்தாலும் வெல்வது மேல், களத்தில் வீரத்தைவிட அதிர்ஷ்டத்துக்கே அதிகாரம் அதிகம் என்பது அவர் விதி. தோற்று ஓடுகிறவனுக்கு வழிவிடு, அடைத்து வைத்தால் சாகத் துணிந்து திரும்பி அடிப்பான் என்று பழைய ரோமானியத் தளபதி சிப்பியோவின் வாக்கை எடுத்துக்காட்டுகிறார்.

கேள்வி: யானைப்படையைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

பதில்: ஒரு முழு அத்தியாயம். லுக்கானியாவில் பிர்ரஸ், ஆப்பிரிக்காவில் ஹன்னிபால், கிழக்கே அன்டியோகஸ், நுமிடியாவில் ஜுகுர்தா என்று யானை கொண்டுவந்த எதிரிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, ரோமானியர்கள் கண்டுபிடித்த எதிர்வழிகளைச் சொல்கிறார். லுக்கானியாவில் ஒரு செஞ்சுரியன் (சிறு படைப்பிரிவின் தலைவன்) யானையின் தும்பிக்கையை வாளால் வெட்டினான். கவசம் போட்ட இரண்டு குதிரைகள் பூட்டிய ரதத்திலிருந்து நீண்ட ஈட்டியால் குத்தினார்கள். தும்பிக்கையால் பிடிக்க முடியாதபடி தலைக்கவசத்திலும் தோளிலும் கையிலும் பெரிய முட்கள் வைத்த கவசத்தோடு ஆட்களை அனுப்பினார்கள். இன்னொரு வழி, யானை வந்தால் அணியைப் பிளந்து உள்ளே விட்டு, நாலாபக்கமும் சூழ்ந்துகொண்டு பாகனோடு உயிரோடு பிடிப்பது.

கவண்காரர்கள் உருண்டைக் கற்களால் யானைமேல் இருந்தவர்களைக் குறிவைத்து அடித்தார்கள் என்று சொல்லும் இடத்தில், யானையைச் செலுத்துபவர்களை அவர் "இந்தியர்கள்" என்றே குறிப்பிடுகிறார். மேற்கத்தியப் போர் நூல்களில் பாகனுக்கு அது வழக்கப் பெயர். ஹன்னிபாலின் பாகர்கள் அனைவரும் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்று இதை வைத்து முடிவுகட்டிவிட வேண்டாம். தொழில் எங்கிருந்து போனது என்ற நினைவு அந்தப் பெயரில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வெகேடியஸ் காலத்தில் அவர் படைக்கு யானை ஓர் அன்றாட ஆபத்தாகவே இல்லை. ஆனாலும் வந்தால் என்ன செய்வது என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த மனப்பாங்கு எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: வீரர்களின் சம்பளப் பணத்தை என்ன செய்தார்கள்? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

பதில்: சம்பளத்தைவிட சுவாரஸ்யமானது, பேரரசர் அவ்வப்போது கொடுத்த நன்கொடைப் பணம். அதில் பாதியை வீரன் கையில் கொடுக்காமல் படைக்கொடிகள் இருக்கும் இடத்தில் அவன் பெயரில் சேமித்தார்கள். ஒரு கோஹார்ட்டுக்குப் பத்துப் பைகள். பதினோராவது பை பொது. அதில் எல்லோரும் கொஞ்சம் போடுவார்கள், யாராவது இறந்தால் அடக்கச் செலவு அதிலிருந்து. கணக்கு வைப்பவர்கள் கொடி தாங்குபவர்கள்தான், ஆகவே அவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாகவும் நம்பிக்கையானவர்களாகவும் இருக்க வேண்டும். தன் பணம் கொடியின் கீழே கிடப்பவன் கொடியை விட்டு ஓட மாட்டான் என்கிறார் வெகேடியஸ். மனிதர்களைத் தெரிந்தவர். ரெக்ரூட்டுகளில் கணக்கும் சுருக்கெழுத்தும் தெரிந்தவர்களைத் தேடி எடுக்கச் சொல்வதும் இதே இரண்டாம் நூலில்தான். யாருக்கு எந்த நாள் காவல், யாருக்கு விடுப்பு, எல்லாமே எழுதி வைக்கப்பட்டன.

கேள்வி: அவர் எழுதியதை யாராவது உண்மையில் பயன்படுத்தினார்களா, அல்லது நூலகத்தில் தூங்கியதா?

பதில்: லத்தீன் கையெழுத்துப் படிகளே 200-க்கும் மேல் இன்றும் இருக்கின்றன. தூங்கிய நூலை யாரும் இத்தனை தடவை கையால் நகலெடுக்க மாட்டார்கள்.

முதலில் எடுத்தாண்டவர்கள் துறவிகளும் பேராயர்களும். 8-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் துறவி பீட், பிரிட்டனில் ரோமானியர் எழுப்பிய மண்சுவரை விவரிக்க இவருடைய சொற்களை எடுத்துக்கொண்டார். 9-ஆம் நூற்றாண்டில் மைன்ஸ் பேராயர் ஹ்ரபானஸ் மௌரஸ், அரசர் இரண்டாம் லோத்தாருக்காக நூலைச் சுருக்கினார். அவர் செய்த காரியம்தான் முக்கியம். தன் காலத்துக்கு உதவாததை ஒதுக்கிவிட்டு, ரெக்ரூட் தேர்வு, கம்பப் பயிற்சி, குதிரை ஏறிப் பழகுதல் போன்றவற்றை எடுத்து வைத்துக்கொண்டார். யாரோ வேலைக்காகப் படித்திருக்கிறார்கள் என்று இதைவிடத் தெளிவாகத் தெரிய வேண்டுமா?

களத்திலேயே படித்தவரும் உண்டு. 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஞ்சு பிரபு ஜெஃப்ரி, இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் தந்தை, பிரான்சில் மோன்த்ரே-பெலே கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார். கோட்டை மசியவில்லை. மர்மூத்தியே மடத்துத் துறவிகள் அவரைப் பார்க்க வந்தபோது அவர் கையில் வெகேடியஸ். சேதமான மதிலை உள்ளே இருப்பவர்கள் மரம் வைத்துச் சீர்செய்துவிடுகிறார்கள் என்பது ஜெஃப்ரியின் தலைவலி. கொட்டை எண்ணெய் முதலானவற்றை இரும்புக் கலத்தில் அடைத்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, எறிபொறியில் வைத்து அந்த மரக்கட்டுமானத்தின் மேல் வீசினார். பற்றிக்கொண்டது. நீ புத்தகத்தில் படித்ததை நாளைக்குக் கண்ணால் பார்க்கலாம், என்னோடு இரு என்று ஒரு துறவியிடம் அவர் சொன்னதாக அவர் வரலாற்றை எழுதிய மர்மூத்தியே துறவி ஜான் பதிவு செய்திருக்கிறார். மடத்துக்காரர் எழுதியது, மடத்துக்குப் பெருமை சேர்க்கும் கதை என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் அந்தக் காட்சியை நான் நம்புகிறேன்.

பிறகு மக்கள் மொழிகள். 1284-இல் ஜான் த மேன் பிரெஞ்சில் கொண்டுவந்தார். 1408-இல் ஆங்கிலம். 1410-இல் கிறிஸ்தீன் த பிசான் என்ற பெண்மணி போர்க்கலை பற்றி எழுதிய பிரெஞ்சு நூலின் அடித்தளமே வெகேடியஸ். இங்கிலாந்து அரசர் ஏழாம் ஹென்றி கேட்டுக்கொண்டபடி அச்சாளர் கேக்ஸ்டன் அதை மொழிபெயர்த்து 1489-இல் அச்சிட்டார். மூன்றாம் நூலின் கடைசியில் இருக்கும் பொது விதிகளை இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லி எடுத்துக்கொண்டு, 1521-இல் வெளியான தன் போர்க்கலை நூலின் முடிவில் வைத்தார். 1767-இல் ஜான் கிளார்க்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டனில் வந்தது. அப்போது துப்பாக்கியும் பீரங்கியும் களத்தை ஆண்டுகொண்டிருந்தன. அதே நூற்றாண்டில் ஆஸ்திரியப் படைத்தலைவர் லீன் இளவரசர், லீஜியனை உருவாக்கும் எண்ணத்தை ஒரு கடவுள் கொடுத்தார் என்று வெகேடியஸ் சொல்கிறார், அந்தக் கடவுள் வெகேடியஸுக்கும் கொடுத்திருக்கிறார் என்று எழுதினார்.

இடைக்காலத் தளபதிகள் பெரும்போரைத் தவிர்த்து முற்றுகையிலும் சூறையாடலிலும் காலம் கழித்ததற்கு வெகேடியஸ்தான் காரணமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். படிக்கத் தெரியாத பிரபுவும் அதையேதான் செய்தான் என்பதால், அனுபவமே அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது என்று நான் நினைக்கிறேன். புத்தகம் அதற்குச் சொற்களைக் கொடுத்தது.

கேள்வி: இவ்வளவு நல்ல யோசனை சொன்னவர் இருந்தும் ரோம் ஏன் விழுந்தது?

பதில்: யோசனைக்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். இரண்டும் ஏன் இல்லாமல் போயின என்பதற்கு அவரே ஒரு சாட்சி. நிலச்சுவான்தார்கள் தங்கள் பங்குக்குப் படைக்கு ஆள் கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். அவர்கள் யாரைக் கொடுத்தார்கள்? தங்களிடம் வேலைக்கு வைத்துக்கொள்ளவே பிடிக்காத ஆட்களைத் தள்ளிவிட்டார்கள், தேர்வு செய்தவர்கள் தாட்சண்யத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று முதல் நூலில் எழுதுகிறார். அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பிறகு 439-இல் வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் கார்த்தேஜைப் பிடித்தார்கள். வட ஆப்பிரிக்காவின் வரியும் தானியமும் போயின. அதற்கு மேல் மேற்குப் பேரரசால் எந்தப் பயிற்சித் திட்டத்துக்கும் செலவழிக்க முடியாது.

அவரிடமும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். கேட்டோ காலத்தையும் ஹேட்ரியன் காலத்தையும் கலந்து, எப்போதும் இருந்திராத ஒரு லீஜியனைக் காட்டுகிறார். கிராஷியன் காலத்துக்குப் பிறகு காலாட்படை கவசத்தையும் தலைக்கவசத்தையும் கழற்றிப் போட்டுவிட்டது என்று அவர் சொல்வதைப் பல ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. குதிரைப்படையைப் பற்றி, கோத்தியர், ஆலன்கள், ஹூணர்களைப் பார்த்து நம்மவர்கள் தேறிவிட்டார்கள் என்று சொல்லிச் சுருக்கமாக நகர்ந்துவிடுகிறார். அவர் காலத்துப் போரில் பாதி அங்கேதான் இருந்தது.

கேள்வி: படை எங்கே போகிறது என்பதை எப்படி ரகசியமாக வைத்தார்கள்?

பதில்: லீஜியன்கள் முன்பு மினோடார் (கிரேக்கப் புராணத்தின் காளைத்தலை மனிதன்) உருவம் பொறித்த கொடியைத் தாங்கின என்கிறார். சிக்கலறைக்குள் அந்தப் பிராணி மறைந்திருந்ததுபோலத் தளபதியின் திட்டமும் மறைந்திருக்க வேண்டும் என்பதற்காக. வழிகாட்டிகளைக் காவலில் வை, சரியாகக் காட்டினால் பரிசு, ஏமாற்றினால் தண்டனை என்று முன்பே சொல்லிவிடு. வழிகள் எழுத்தில் மட்டும் இல்லாமல் படமாகவும் வரைந்திருக்க வேண்டும். எதிரிக்குத் தெரியாத திட்டமே சிறந்த திட்டம்.

கேள்வி: கடற்படை பற்றி?

பதில்: நான்காம் நூலின் பின்பகுதி. மே 27 முதல் செப்டம்பர் 14 வரை கடல் பத்திரம், நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடலை மூடிவிட வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுக்கிறார். நான் கரைக்காரன், இதற்கு மேல் கடல் தெரிந்த ஒருவர் எழுதினால் இந்தப் பக்கத்தில் இடம் தருகிறேன்.

கேள்வி: கால்நடை மருத்துவம் எழுதிய வெகேடியஸும் இவரும் ஒருவரா? (கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவி)

பதில்: ஒருவரே என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. குதிரை, கோவேறு கழுதை நோய்களைப் பற்றிய அந்த நூலிலும் இதே ஆள்தான் பேசுகிறார் என்பது படித்தால் புரியும். பழைய ஆசிரியர்கள் எழுதியதைத் தேடிச் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, எளிய மொழியில் கொடுக்கிறார். கவனிப்பில்லாமல் ஒரு தொழிலறிவு அழிந்துபோகிறதே என்ற அதே பதைப்பு அங்கேயும் இருக்கிறது.

உங்களுக்கு அதில் குதிரை இனங்களைப் பற்றிய பகுதி பிடிக்கும், அம்மா. ஹூணர் குதிரையை அவர் வர்ணிப்பதைப் பாருங்கள்: பெரிய வளைந்த தலை, துருத்திய கண்கள், குறுகிய மூக்குத்துளை, அகன்ற தாடை, விறைத்த உறுதியான கழுத்து, முழங்காலுக்குக் கீழே தொங்கும் பிடரிமயிர். பார்க்க அழகில்லாத இந்தக் குதிரை குளிரையும் பசியையும் தாங்கும் என்பதை அவர் நேர்மையாகச் சொல்கிறார். ரோமுக்குப் பெரிய பயத்தைக் கொடுத்த எதிரியின் குதிரை அது. படை நூலில் குதிரைப்படையைச் சுருக்கமாகக் கடந்த அதே மனிதர், இங்கே அதன் எலும்பு எலும்பாகப் பார்த்திருக்கிறார். மொழிபெயர்ப்பு உங்கள் கல்லூரி நூலகத்தில் கிடைத்தால், நோய்ப் பட்டியலுக்கு முன்னால் இந்தப் பகுதியைப் படியுங்கள். படித்துவிட்டு, இன்றைய ஸ்டெப்பி இனக் குதிரைகளோடு அந்த வர்ணனை எவ்வளவு பொருந்துகிறது என்று எனக்கு எழுத முடியுமா? அதை அடுத்த இதழில் போடுகிறேன்.